பாறைக் காசித்தும்பை

அக்காவின் நைட்டியை முதுகுப் பக்கமாகக் கழுத்திலிருந்து கீழ்விளிம்பு வரை நேராக வெட்டி, ஓரத்தை மடித்து மெஷினில் கொடுத்திருந்தார் தையல்காரர். ஊசி பாதி தூரம் ஓடியிருந்தபோது நர்ஸ் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளறையிலிருந்து வந்தாள். மெஷின் பக்கத்தில் நின்று துணியைப் பார்த்தாள்.

“நல்ல நைட்டியாச்சே. ஏன் சார் வெட்டினீங்க?”

“ஒவ்வொரு தடவையும் தூக்கி உக்கார வெச்சு மாட்டினா அவளுக்கு வலிக்குது. இப்படின்னா படுத்தபடியே மேல போட்டுட்டு, பக்கத்துல நாடாவைக் கட்டிடலாம்.”

“எத்தனை தெச்சிருக்கீங்க?”

“மூணு ஆச்சு. இது நாலாவது. இன்னும் ரெண்டு இருக்கு.”

நர்ஸ் தன் பையைத் திறந்து துண்டை உள்ளே வைத்தாள். மூடினாள். “நாலு போதும் சார்” என்றாள்.

அவர் மிதியிலிருந்து காலை எடுத்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, ஏதாவது என்றால் போன் பண்ணச் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போனாள். மிச்சமிருந்த இரண்டு நைட்டிகளும் நாற்காலி முதுகில் தொங்கின. அவர் அவற்றை எடுத்து மடித்து மேஜைக்கு அடியில் வைத்தார். பிறகு பாதியில் நின்ற தையலை முடித்தார்.

முன்னறைதான் கடை. அதற்குப் பின்னால் ஒரு அறை, சமையலறை, மேலே மொட்டை மாடி. பின்னறையில் ஜன்னலை ஒட்டி அக்காவின் கட்டில். ஐந்து மாதமாக வயிற்றில் வளர்ந்த கட்டி அவளைக் கரைத்து எடுத்திருந்தது. ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பி மூன்று வாரம். ஐம்பத்தேழு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை; அதற்காக யாரும் தன்னைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று சொல்ல அவள் விட்டதுமில்லை. நகரத்துப் பெரிய பூங்காவின் நாற்றுப் பண்ணையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தாள். அங்கே அவளுக்குப் பெயர் ‘தும்பையக்கா’. எல்லாப் பூவும் வளர்த்தாலும் காசித்தும்பை என்றால் அவளுக்குத் தனிக் கிறுக்கு.

அவள் சொல்வாள்: “ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் இருக்கிற செடிதான். ரோஜா மாதிரி அடுக்கடுக்கா பூக்கும். பார்க்க மகாராணி. ஆனா ஒரு வாரம் விடாம மழை பெஞ்சுதுன்னா கால் அழுகி உக்காந்துடும்.” காட்டில், தண்ணீர் கசிகிற பாறையில், அதன் சொந்தக்காரச் செடி ஒன்று இருந்தது. சாண் உயரம். நகக்கண் அளவுக்கு ஒற்றைப் பூ, வெளிறிய இளஞ்சிவப்பு. பார்க்கிறவர்கள் களை என்றுதான் சொல்வார்கள். அதன் வேர் மட்டும் எத்தனை மழைக்கும் அசையாது. “சொந்தம்தான்டா. கல்யாணத்துக்குக் கூப்பிட மறந்துபோன சொந்தம்” என்பாள் அக்கா. இந்த இரண்டையும் சேர்த்து ஒரு செடி கொண்டுவர வேண்டும் என்று ஏழு வருடம் மெனக்கெட்டாள். ஒன்றின் மகரந்தத்தை எடுத்து இன்னொன்றின் பூவில் வைப்பாள். வண்டு பூச்சி நுழையாமல் பூவுக்கு ஒரு சின்னத் துணிப்பை மாட்டுவாள். பூ இரண்டு நாளில் உதிர்ந்துவிடும். மறுபடியும் ஆரம்பிப்பாள்.

அந்தப் பைகளைத் தைத்துக் கொடுத்தது தையல்காரத் தம்பிதான். கட்டை விரல் நுழைகிற அளவு, வாயில் இழுத்துக் கட்ட நூல். மற்றப் பூக்களுக்கும் சேர்த்து வருடத்துக்கு நாற்பது. எதற்கு என்று அவர் கேட்டதில்லை. பண்ணைக்குப் போய்ப் பார்த்ததும் இல்லை. இந்த வருடம் வெள்ளை மெல்துணி தீர்ந்துபோய் ஒரே ஒரு பையை மட்டும் நீல லைனிங் துணியில் தைத்துக் கொடுத்தார். “பரவால்ல. முக்கியமான பூவுக்கு இதைப் போட்டுக்கறேன்” என்றாள்.

நடக்க முடியாமல் போவதற்கு முதல் நாள் அவள் கடைசியாகப் பார்த்த வேலை அந்த நீலப் பையை மாட்டியதுதான். இந்தத் தடவை பூ உதிரவில்லை. இரண்டு வாரம் கழித்து, காய் வைத்திருக்கிறது என்று பண்ணையிலிருந்து தகவல் வந்தது. அன்றைக்கு இரண்டு கரண்டி கஞ்சி கூடக் குடித்தாள்.

அவர் நாடா வைத்த நைட்டியோடு உள்ளே போனபோது, தலையணைக்குப் பக்கத்திலிருந்த அவள் போன் அடித்தது. அவரே எடுத்து ஒலிபெருக்கியைப் போட்டு அவள் வாய்க்குப் பக்கத்தில் வைத்தார். பேசியவர் ‘பைப்பு’. பண்ணைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். இருபத்தைந்து வருடமாக ரப்பர் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்ததில் சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

“அக்கா, எப்படி இருக்கீங்க?”

“இருக்கேன். சொல்லு.”

“நாளைக்கு யாரோ பெரிய ஆளுங்க பார்வையிட வர்றாங்களாம். பின்னாடி பாத்தியெல்லாம் சுத்தம் பண்ணச் சொல்லி உத்தரவு. கான்ட்ராக்ட் ஆளுங்க காலையிலயே எறங்கிட்டாங்க. என்னை முன்வாசல்ல தொட்டி அடுக்க விட்டுட்டாங்கக்கா. நகர முடியல.”

“நீலப் பை?”

அந்தப் பக்கம் தூரத்தில் லாரி பின்னால் வருகிற ஒலி மட்டும் கேட்டது. “பார்க்க முடியலக்கா” என்றார் பைப்பு.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து அவர் போனை வைத்தார். ஆனால் அவள் கை போர்வைக்கு மேலே வந்து அவர் மணிக்கட்டைத் தொட்டது.

“நீ போ.”

“எங்க?”

“பண்ணைக்கு. அந்தச் செடியைக் கொண்டு வா.”

“இப்பவா? உன்னை விட்டுட்டா?” அவர் குரல் அவருக்கே சத்தமாகக் கேட்டது. தணித்துக்கொண்டார். “நாளைக்குக் காலைல மொத ஆளாப் போறேன்க்கா.”

அவள் முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூச்சு ஒன்று போய் அடுத்தது வருவதற்குள் நிறைய நேரம் ஆனது. சமையலறை வாசலில் அவர் மனைவி ஈரக்கையோடு வந்து நின்றாள்.

“நான் எங்கடா போகப் போறேன்” என்றாள் அக்கா. “இங்கதான் கெடப்பேன். போயிட்டு வா.”

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். “நான் பக்கத்துலயே இருக்கேங்க. அண்ணி சொல்றாங்கல்ல, போயிட்டு வந்துடுங்க.”

பையை அமுக்கிவிடக் கூடாது, காய் முற்றியிருந்தால் விரல் பட்டாலே வெடித்துவிடும் என்று அக்கா சொன்னாள். அதைச் சொல்லி முடிக்க மூன்று தடவை நிறுத்த வேண்டியிருந்தது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஒருமணி நேரப் பயணம். உட்கார்ந்த பிறகுதான் இறங்கிவிடலாமா என்று தோன்றியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் தோன்றியது. இறங்காமல் இருந்ததற்குக் காரணம் ஏழு வருடம் முந்திய ஒரு மழைக்காலம்.

அந்தப் பாறைச் செடியை முதல்முதலாகத் தேடிக் கொண்டுவந்தபோது அக்கா அதை மொட்டை மாடியில் ஆறு தொட்டிகளில் வைத்திருந்தாள். பண்ணையில் வைத்தால் யாராவது பிடுங்கிவிடுவார்கள் என்று பயம். தினமும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும்படி ஒரு பாட்டிலைக் கவிழ்த்துக் கட்டியிருந்தாள். அந்தத் தண்ணீர் தளத்து விரிசல் வழியாக இறங்கி, கடையில் மாட்டியிருந்த ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கையில் விழுந்து சாயம் கலைந்துபோனது. மறுநாள் கல்யாணம். பெண்ணின் அம்மா தெருவே கேட்கப் பேசிவிட்டுப் போனாள். அவர் மாடிக்கு ஏறி ஆறு தொட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து குப்பை வண்டியில் கவிழ்த்தார்.

சாயங்காலம் அக்கா வந்தாள். மாடிக்குப் போனாள். இறங்கி வந்து, “தொட்டி எங்க?” என்று கேட்டாள்.

“போட்டுட்டேன். களைதானே.”

அவள் கடைசிப் படியிலேயே நின்றாள். பிறகு உள்ளே போய்க் கை கழுவிவிட்டு, மனைவி நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தில் பாதியை வாங்கி நறுக்க ஆரம்பித்தாள். அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதம் வழக்கம்போல, “நாற்பது பை வேணும்டா” என்று கேட்டாள். கோபமில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

பண்ணையின் முன்வாசலில் பைப்பு பிளாஸ்டிக் தொட்டிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் வெளியிலிருந்து வாங்கி வந்த பூ, ஒரே உயரம், ஒரே நிறம். தையல்காரரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முன்னே பின்னே பார்த்ததில்லை என்றாலும் யார் என்று கேட்கவில்லை. அக்காவின் மூக்கும் புருவமும் அவருக்கும் அப்படியே.

“நீங்களே வந்துட்டீங்களா” என்றார். அவ்வளவுதான். கையிலிருந்த தொட்டியைக் கீழே வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தார். யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். பைப்பு திரும்பவில்லை.

பின்பக்கத்துப் பாத்திகள் வழித்து எடுத்த மாதிரி இருந்தன. ஈரமண்ணில் மண்வெட்டித் தடம். அரிவாளும் கூடையுமாக ஐந்தாறு பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

“இங்க துணிப்பை கட்டின செடிங்க இருந்துச்சே” என்றார் தையல்காரர்.

அதில் வயதான பெண் எழுந்தாள். “ஆமா. இது என்னடா களைக்குச் சட்டை போட்டிருக்காங்கன்னு பேசிக்கிட்டே புடுங்கினோம். வேண்டியதாங்க அது?”

“வேண்டியதுதான்.”

அவள் முகம் மாறியது. “எங்களுக்குச் சொல்லலியே. எல்லாம் அந்தக் குழியிலதான் கெடக்கு. ஒரு டிராக்டர் லோடு போயிடுச்சு. இன்னொண்ணு வரும்.”

குப்பையை மக்கப் போடுகிற குழி இடுப்பளவு ஆழம். அவர் பேண்டை மடித்துக்கொண்டு இறங்கினார். பைப்பும் இறங்கினார். பிடுங்கிப் போட்ட செடிகள் வெயிலில் துவண்டு, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. பூத்தபடியே பிடுங்கப்பட்ட அடுக்குக் காசித்தும்பைகள், வேலியில் படர்ந்த கொடிகள், கவாத்துச் செய்த முள்குச்சிகள், மண்கட்டிகள். அவர் ஒவ்வொரு பிடியாக எடுத்து உதறிக் கரைமேல் வைத்தார்.

முதல் வெள்ளைப் பை கிடைத்தபோது அவர் கை நின்றது. ஒரு தையலுக்கும் அடுத்ததற்கும் நெல்மணி இடைவெளி, முனையில் இரட்டை முடிச்சு. தான் தைத்ததுதான். கடையில் உட்கார்ந்து வேறு எதையோ யோசித்துக்கொண்டே தைத்த ஒன்று, இத்தனை நாளும் ஒரு செடியின் கழுத்தில் இருந்திருக்கிறது. அதற்குள் காய்ந்த பூ ஒன்று தவிர எதுவுமில்லை. அதற்கடுத்தது, அதற்கடுத்தது, எல்லாவற்றிலும் அப்படியே.

“இருபத்தெட்டு” என்றார் பைப்பு, பைகளைக் கரையில் வரிசையாக வைத்தபடி. “நீலத்தைக் காணோம்.”

“லோடுல போயிருக்குமோ.”

“தேடுவோம். அக்கா இதுக்காகப் பட்டது கொஞ்சமில்ல சார். மொதல்ல ஒரு பாறையில பார்த்துக் கொண்டாந்துச்சு. முழங்கால் தேஞ்சு போச்சு ஏறி எறங்கி. அதை வீட்டு மாடியில வெச்சிருந்துச்சாம். ஒருநாள் வந்து, ‘எல்லாம் போச்சுடா, எலி கடிச்சிருச்சு’ன்னுச்சு. திரும்பி அந்தப் பாறைக்குப் போனா, பாறையே இல்ல. வெடி வெச்சு உடைச்சுக் கல்லு எடுத்துட்டாங்க. அப்புறம் லீவு நாளெல்லாம் அலைஞ்சு, மூணு வருஷம் கழிச்சுதான் வேற எடத்துல நாலு செடி கெடைச்சுது.”

தையல்காரர் குனிந்தபடியே இருந்தார்.

“ஆறு தொட்டியையுமா எலி கடிச்சுதுன்னு நான் நம்பல. அப்படி எவ்ளோ பெரிய எலிக்கா அதுன்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சு, ‘அஞ்சே முக்கால் அடி இருக்கும்’னு சொல்லிச்சு. சொல்லிட்டு அது சிரிச்சது பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பல வாரங்களாக அடைத்துக் கிடந்த நெஞ்சிலிருந்து கனைத்துக்கொண்டு வந்தது. குழிக்குள் நின்று, கையில் வாடிய செடியோடு, சத்தமாகச் சிரித்தார். பைப்பும் கூடச் சிரித்தார். பிறகு பைப்புதான் முதலில் நிறுத்தினார். எதிரில் நிற்கிறவரைக் கால் முதல் தலை வரை ஒருமுறை பார்த்தார். அந்த உயரத்தைப் பார்த்தார்.

“தெரியாமச் சொல்லிட்டேன் சார்.”

“அந்த எலி மட்டும் இல்லன்னா?” என்று கேட்டார் தையல்காரர்.

பைப்பு குனிந்து ஒரு கொடியை இழுத்தார்.

“சொல்லுங்க.”

“அப்படியெல்லாம் கணக்குப் போட முடியாது சார். இது செடி. வந்தா வரும், வராட்டி வராது.” பிறகு தாழ்ந்த குரலில், “ஒருவேளை அக்கா பூவைப் பார்த்திருக்கும்” என்றார்.

இருவரும் மறுபடியும் குனிந்து தேடினார்கள். மரத்தடிப் பெண்கள் எழுந்து வந்து, கேட்காமலேயே குழியைச் சுற்றி உட்கார்ந்து கரைமேல் போட்டதைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். டிராக்டர் வந்து உறுமிக்கொண்டு நின்றது. வயதான பெண் ஓட்டுகிறவனிடம், “இரு, நெருப்பா பிடிச்சுக்கிச்சு” என்றாள். அவன் வண்டியை அணைத்துவிட்டு இறங்கிப் போய் நிழலில் நின்றான்.

நீலப் பையைக் கண்டுபிடித்தவள் அவள்தான். முள்குச்சிகளின் அடியில் ஒரு மண்கட்டியோடு சேர்ந்து கிடந்தது. சாண் உயரச் செடி. இலைகள் தொங்கியிருந்தாலும் தண்டு இன்னும் விறைப்பாக இருந்தது. வேரைச் சுற்றி மண் விடாமல் பிடித்திருந்தது. “இதுங்களா?” என்று இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கேட்டாள். தையல்காரர் தலையை மட்டும் ஆட்டினார்.

பைப்பு ஈரச்சாக்கில் வேரைச் சுற்றி ஒரு பழைய பெயின்ட் வாளியில் வைத்துக் கொடுத்தார். பையைத் திறக்க வேண்டாம், சாயங்காலம் வேலை முடிந்ததும் தானே வந்து அக்கா முன்னாலேயே திறப்பதாகச் சொன்னார். “அக்கா பார்க்கட்டும்” என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கூட்டம். வாளியை மடியில் வைத்துக்கொண்டு, நீலப் பையைச் சுற்றி இரண்டு கையையும் தொடாமல் குவித்துப் பிடித்திருந்தார். கண்டக்டர், “என்ன சார், விளக்கு அணையாமக் கொண்டு போறீங்களா?” என்றார். பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் உடம்பு முன்கூட்டியே இறுகியது. அக்காவிடம் என்ன சொல்வது என்று யோசித்தார். பைப்பு எல்லாத்தையும் சொல்லிட்டார் என்று ஆரம்பிக்கலாம். அவள், “எதை?” என்பாள். தெரியாத மாதிரி கேட்பாள். அவருக்கு அவள் முகம் அப்போது எப்படி இருக்கும் என்றுகூடத் தெரிந்தது.

பாதி வழியில் போன் அடித்தது. மனைவி.

“எங்க இருக்கீங்க?”

“பஸ்லதான். செடி கெடைச்சிருச்சு, அக்காகிட்ட சொல்லு.”

“சரி.” ஒரு மூச்சு. “பார்த்து வாங்க.”

போனை வைத்துவிட்டாள். எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள், ஏதாவது சாப்பிட்டீர்களா என்று மூன்று கேள்வி கேட்காமல் இருபத்தாறு வருடத்தில் அவள் ஒருநாளும் போனை வைத்ததில்லை. அவர் போனைச் சட்டைப்பையில் போட்டார். மறுபடியும் இரண்டு கையையும் நீலப் பையைச் சுற்றிக் குவித்துக்கொண்டார். பஸ் போய்க்கொண்டிருந்தது.

கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. படியில் நிறையச் செருப்புகள். அவர் குனிந்து உள்ளே நுழைந்தார். பெரியப்பா மகன் வந்திருந்தார்; குடும்பத்தில் எல்லாருக்கும் பெரியண்ணன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வாளியையும் முழங்கால் வரை அப்பியிருந்த மண்ணையும் பார்த்தார்.

“கூடப்பொறந்தவ உயிர் போற நேரத்துல செடி வாங்கவா போயிருந்த?”

தையல்காரர் வாளியை எங்கே வைப்பது என்று பார்த்தார். வெட்டுமேஜைமேல் இடமிருந்தது. கத்தரியையும் அளவுநாடாவையும் நகர்த்திவிட்டு வைத்தார்.

“கேக்கறேன்ல?”

“அண்ணிதான் அனுப்பினாங்க” என்றாள் அவர் மனைவி, உள்ளறை வாசலிலிருந்து. அழுது வீங்கிய முகம். குரல் மட்டும் தெளிவாக இருந்தது. “அவர் போகமாட்டேன்னுதான் சொன்னார். அவங்க விடல. இதுக்கு மேல யாரும் அவரை ஒண்ணும் கேக்காதீங்க.”

பெரியண்ணனிடம் அவள் அப்படிப் பேசியதில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நாற்காலிக்குச் சொல்லியாயிற்றா, வண்டிக்கு யார் பேசுவது என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்காவுக்கு மனைவி தலைவாரி விட்டிருந்தாள். கை இரண்டும் வயிற்றின்மேல் இருந்தன. வலி எதுவும் இல்லாத வயிறு. அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

“நீங்க போனதும் கொஞ்சம் தூங்கினாங்க” என்றாள் மனைவி. “அப்புறம் முழிச்சு, ‘அவனுக்கு பஸ் கெடைச்சிருக்குமா’ன்னு கேட்டாங்க. கெடைச்சிருக்கும் அண்ணின்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு அதையே திரும்பக் கேட்டாங்க. உக்கார எடம் கெடைச்சிருக்குமான்னாங்க. ஜன்னலோரமே கெடைச்சிருக்கும்னு சொன்னேன். சிரிச்ச மாதிரி இருந்துச்சு. உதடு காஞ்சிருக்கேன்னு தண்ணி எடுக்கத் திரும்பினேன்.” 

“எத்தனை மணி?”

“பன்னெண்டு அடிச்சுப் பத்து நிமிஷம் இருக்கும்.”

அவர் தலையை ஆட்டினார். பன்னிரண்டு மணிச் சங்கு குழிக்குள் இருக்கும்போது கேட்டது. பைப்பு எலிக் கதையை ஆரம்பித்தது அதற்குச் சற்றுப் பின்னால்தான்.

ஐந்து மணிக்குள் சுடுகாட்டில் எல்லாம் முடிந்து ஆட்கள் திரும்பிவிட்டார்கள். எட்டுப் பேர் மட்டுமே தூக்கவும் நடக்கவும் வந்திருந்தார்கள். பாதி வழியில், தகவல் தெரிந்து பண்ணை ஆட்கள் வேலை உடுப்போடு வந்து சேர்ந்ததும் கூட்டம் தெருவை அடைத்தது. குழியைச் சுற்றி உட்கார்ந்து தேடிய பெண்களும் அதில் இருந்தார்கள். அவர்களில் ஒருத்திகூட அக்காவைப் பார்த்ததில்லை.

எல்லாரும் போன பிறகு பைப்பு மட்டும் இருந்தார். வெட்டுமேஜைக்கு முன்னால் நின்று வாளியைப் பார்த்தார். பிறகு தையல்காரரைப் பார்த்தார். “தொறக்கவா?”

“தொறங்க.”

ஒரு வெள்ளைத் துணித்துண்டை விரித்து, அதன்மேல் செடியைச் சாய்த்து, நூலைப் பொறுமையாக அவிழ்த்தார். உள்ளே காய் ஏற்கெனவே வெடித்திருந்தது. எப்போது என்று யாருக்குத் தெரியும்; பிடுங்கியபோதோ, குழியிலோ, பஸ்ஸிலோ. காயின் தோல் சுருண்டு நத்தை மாதிரி கிடந்தது. பையின் அடியிலிருந்து பைப்பு நகத்தால் தட்டி எடுத்தார். நான்கு விதை. ஒன்று பச்சையாக, சப்பையாக இருந்தது. அதை ஓரமாக ஒதுக்கினார். மற்ற மூன்றும் கறுப்பாக, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தன.

“இது முத்தினதுதானா?” என்று கேட்டார் தையல்காரர்.

“முத்தினதுதான்.”

“முளைக்குமா?”

பைப்பு ஒரு விதையை நகத்தால் புரட்டிப் பார்த்தார். “அக்கா இருந்தா சொல்லியிருக்கும். எனக்குத் தண்ணி விடத்தான் தெரியும் சார்.”

பண்ணையில் வைக்க முடியாது, நாளைக்கே வேறு உத்தரவு வரும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. மாடியில் வெயில் எந்தப் பக்கம் விழும் என்று பைப்பு கேட்டார். காலையில் கிழக்குச் சுவர் ஓரம், மத்தியானத்துக்குமேல் நிழல் என்றார் தையல்காரர். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டுமே, தளம் தாங்குமா என்று கேட்டார் பைப்பு. விரிசல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்றும், மெஷினை வேறு பக்கம் நகர்த்திப் போட்டுக்கொள்வதாகவும் தையல்காரர் சொன்னார். பைப்பு விதைகளைக் காகிதத்தில் மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மண் கலந்து கொண்டுவருவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரை வாங்கும்போது அவர் விரல்கள் முழுசாக மடங்கவில்லை. அவள் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு அவர் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். நான்கைந்து இடத்தில் முள் ஏறி, சுற்றிலும் சிவந்திருந்தது.

“இதோடயா எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு நடந்தீங்க?”

அவர் அப்போதுதான் கையைப் பார்த்தார்.

அவள் மெஷின் விளக்கைப் போட்டாள். ஊசிப்பெட்டியிலிருந்து மெல்லிய ஊசியாகத் தேர்ந்தெடுத்து, அவர் எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விளக்கின் வட்டத்துக்குள் அவர் கையை இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு முள்ளாக எடுத்தாள். கடைசி முள் ஆழமாகப் போயிருந்தது. மெதுவாகத் தோலைக் கிளறினாள்.

“வலிக்குதா?”

“இல்ல.”

முள் வந்துவிட்டது. ஊசி நுனியில் அதை அவர் பார்த்தார். அவளும் பார்த்தாள். ஓரத்தில் துடைத்துவிட்டு, மறுபடியும் குனிந்து, அவர் கையை விடாமல், இன்னும் ஏதோ மிச்சமிருக்கிற மாதிரி தேடிக்கொண்டிருந்தாள்.